என் தம்பி மீது நான் கொடுத்த புகார்

என் தம்பி அவன் மனைவியை முதல்முறையாக அடித்தபோது அவர்களுக்குக் கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பளார் என்று ஒரு சத்தம். பிறகு ஏதோ ஒரு பாத்திரம் உருண்டு போய் நிற்கும் சத்தம். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எழுந்து போய் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தாள். நான் மறுபடி இஸ்திரி போட ஆரம்பித்தேன்.

எங்கள் வீடு பென்னாகரம் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா இறந்த பிறகு நடுவில் சுவர் வைத்து அதை இரண்டாக்கினோம். ஒரு பாதியில் நானும் அம்மாவும், மறு பாதியில் தம்பியின் குடும்பம். பின்பக்க வாசலும் தண்ணீர்க் குழாயும் பொது. நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தான். மாதக்கணக்கில் வடக்கே இருப்பான். திரும்பி வந்தால் பத்துப் பதினைந்து நாள் வீட்டில் தங்குவான். அந்த நாட்களுக்காக நாங்கள் மூன்று பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம்.

நாங்கள் தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவர்களான குடும்பம். அப்பா சபையில் மூப்பர். அவர் ஜெபம் பண்ண எழுந்தால் பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அம்மாவை அடிப்பதற்கென்றே அவர் பழைய சைக்கிள் டயரை அறுத்து ஒரு வார் வைத்திருந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் அது தொங்கும். அவர் கை அந்தப் பக்கம் போனதும் நான் தம்பியை இழுத்துக்கொண்டு கடலைக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஐந்து. இரண்டு கையாலும் அவன் காதுகளைப் பொத்துவேன். ஒரு முறை அம்மாவின் பல் ஒன்று தெறித்து எங்கள் காலடியில் வந்து விழுந்தது. தம்பி அதை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டான். அழவில்லை. அதை அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது.

அடி ஓய்ந்ததும் அம்மா வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து முழங்காலில் நிற்பாள். எங்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள். "ஆண்டவர் பட்ட பாட்டுக்கு முன்னால இதெல்லாம் ஒரு பாடா கண்ணு" என்பாள். அம்மா கிணற்றில் குதிக்காமல் உயிரோடு இருந்ததற்கு அந்த ஜெபம்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். அவளை அந்த வீட்டிலேயே கட்டிப்போட்டதும் அதே ஜெபம்தான். இது புரிய எனக்கு நாற்பது வயது ஆனது.

தம்பியின் மனைவி கம்பைநல்லூர்ப் பக்கத்துப் பெண். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். வாய்விட்டுச் சிரிக்கிற சுபாவம். ரெண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பு போனது. ஒரு பெண் குழந்தை பிறந்தது. அடி நிற்கவில்லை.

குழந்தைக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு நாள் தம்பி சாப்பாட்டுத் தட்டை வீசினான். எவர்சில்வர் தட்டின் விளிம்பு அவளுடைய புருவத்தைப் பிளந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள், பதிவேட்டில் எழுதுவார்கள், போலீசுக்குத் தகவல் போகும். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் வேலை செய்யும் இடத்திலிருந்து தையல் ஊசியும் நூலும் மரத்துப்போவதற்கான மருந்தும் எடுத்துவந்து, அம்மா டார்ச் அடிக்க, சமையலறைத் தரையில் அவளைப் படுக்கவைத்து நானே தையல் போட்டேன். தழும்பு வெளியே தெரியக்கூடாது ஆண்டவரே என்று ஜெபம் பண்ணிக்கொண்டே போட்டேன். குழந்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கவனித்தும் நான் துரத்தவில்லை.

"யாராச்சும் கேட்டா கீழ வுழுந்துட்டேன்னு சொல்லு, சரியா?" என்றேன்.

"சரிங்க அண்ணி" என்றாள்.

வேலையிலும் நான் அப்படித்தான் இருந்தேன். கன்னம் வீங்கி, கை முறிந்து பெண்கள் வருவார்கள். பக்கத்தில் கணவன் நிற்பான். "என்னாம்மா, கீழ வுழுந்துட்டியா?" என்று நானே முதலில் கேட்பேன். அவர்களும் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், குழந்தைக்கு ஏழு வயதிருக்கும், பின்வாசலில் அவள் பொம்மையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பொம்மையைப் படுக்கவைத்து, அதன் நெற்றியில் ஒரு துடைப்பக் குச்சியைக் குத்திக் குத்தி எடுத்தாள். பிறகு என் குரலிலேயே, நான் இழுத்துப் பேசுகிற அதே மாதிரி, "அழுவாத கண்ணு. கீழ வுழுந்துட்டேன்னு சொல்லு, சரியா?" என்றாள். பொம்மை பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. ஓங்கி அதன் முகத்தில் ஓர் அறை விட்டாள். "சொல்லுன்னு சொல்றேன் இல்ல!"

கையிலிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முழங்காலில் நின்றேன். வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் எதுவும் வரவில்லை. வாந்தி வந்தது. நெடுநேரம் கழித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "ஆண்டவரே, என் வாயைத் திற." அதுவரை என் வாயைக் காக்கத்தான் அவரிடம் கேட்டு வந்திருக்கிறேன்.

மறு வாரம் போதகரிடம் போனேன். எங்கள் வீட்டில் நடப்பதைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். "குடும்ப விஷயம்மா. உங்க தம்பி நல்ல பையன்தான், கோவம் ஒண்ணுதான். ஜெபிப்போம். சகிச்சுக்க ஆண்டவர் பெலன் குடுப்பார்" என்றார்.

"பெலன் குடுத்துட்டாருங்க ஐயா. அதனாலதான் உங்ககிட்ட வந்து சொல்றேன்" என்றேன். எப்படி அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி தரையைப் பார்த்துக்கொண்டார்.

தம்பி அந்த மாதக் கடைசியில் ஊருக்கு வந்தான். வந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் திருவிருந்து. எல்லோருடனும் வரிசையில் போய் முழங்காலில் நின்று கையை நீட்டி அப்பத்தை வாங்கினான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் இருக்கும். அவன் மனைவி தன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. முன்கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது. பிறகு அடி. அது கையால் அடிக்கும் சத்தமாக இல்லை. ரிக் வண்டியின் காற்றுக்குழாயில் அறுத்தெடுத்த ஒரு முழ நீள ரப்பர் ஓஸ் அவனிடம் இருந்தது. உள்ளே கம்பி பின்னிய தடித்த ஓஸ். அதன் சத்தம் தனி.

அம்மா டி.வி. ரிமோட்டைத் தேடினாள். நான் பின்வாசல் வழியாக ஓடினேன்.

பின்கதவின் தாழ்ப்பாள் பழசு. மூன்று முறை தோளால் மோதியதும் பெயர்ந்து வந்தது. அவள் தரையில் குப்புறக் கிடந்தாள். அவளுடைய கூந்தலை மிதித்துக்கொண்டு தம்பி நின்றான், அவள் தலையைத் திருப்ப முடியாதபடிக்கு. ரவிக்கை முதுகில் கிழிந்து, தோல் பட்டை பட்டையாக வெடித்திருந்தது. குழந்தை கட்டிலுக்கு அடியில் இருந்தாள். தன் காதுகளைத் தானே பொத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நவுரு. இது உனக்குத் தேவையில்லாத வேல."

"ஓஸைக் கீழ போடு."

"நவுருன்னு சொல்றேன்!"

நான் நகரவில்லை. ஓங்கினான். தலைக்கு வந்ததை இடது கையால் தடுத்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டவள், எந்த இடத்தில் எந்த எலும்பு என்றுகூட அந்த நொடியில் தெரிந்தது. தைரியமாக இருந்தேன் என்று சொன்னால் பொய். புடவை நனைந்துவிட்டது. "இயேசுவே" என்று ஒரு முறை கத்தினேன். ஒளியோ குரலோ எதுவும் வரவில்லை. உடம்பு மட்டும் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்ததுபோல் தானாக மடங்கி அவள் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டது. அவளுடைய ரத்தம் என் கன்னத்தில் சுடச்சுட ஒட்டியது. அவன் என் முதுகில் அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் அவள் எனக்குக் கீழே துள்ளினாள். அந்த நேரத்தில் எனக்குள் ஒரு நிச்சயம் வந்தது. இதற்கு மேல் நான் எழுந்து ஓடமாட்டேன் என்கிற நிச்சயம். சின்ன வயதிலிருந்து நான் ஜெபத்தில் கேட்டதெல்லாம் ஒளிந்துகொள்ள ஓர் இடம்தான். இப்போது ஒளியாமல் இருக்க ஒரு பலம் கிடைத்தது. அதைக் கொடுத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் வீட்டுக்கு அடுத்து மாவு மில் வைத்திருக்கும் பாயின் மனைவி கடப்பாரையோடு உள்ளே வந்தாள். தலையில் போட்டிருந்த முக்காடு முழுக்க மாவு. "டேய், கைய எறக்குடா! எறக்கல, மண்டையப் பொளந்துட்டு ஜெயிலுக்குப் போவேன்!" என்று கத்தினாள். தம்பி அவளைப் பார்த்தான், கையிலிருந்த ஓஸைப் பார்த்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அழ ஆரம்பித்தான். அப்பாவும் அடித்து முடித்ததும் இப்படித்தான் அழுவார்.

"அக்கா, வலிக்குதா? வா, வண்டியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

அந்தக் கேள்வி அடியைவிட என்னை நடுங்கவைத்தது. அவன் உண்மையாகத்தான் கேட்டான்.

மில்காரம்மா ஆட்டோ பிடித்து எங்கள் இருவரையும் குழந்தையையும் பென்னாகரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அம்மாவும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் என் காதில், "கீழ வுழுந்துட்டோம்னு சொல்லிடுங்கடி. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். அவன் ஜெயிலுக்குப் போயிட்டா நான் செத்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பணியில் இருந்த டாக்டர் இளம்பெண். "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டாள். பேனா பதிவேட்டின் மேல் நின்றது.

"என் தம்பி அடிச்சான். ரப்பர் ஓஸால அடிச்சான். இவங்க அவன் பொண்டாட்டி. ரெண்டு பேரையும் அடிச்சான்" என்றேன். பிறகு அவன் பெயரைச் சொன்னேன். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நான் வாய்க்குள் ஒத்திகை பார்த்துச் சொன்ன பெயர்.

தம்பி மனைவி குப்புறப் படுத்தபடியே, "ஆமாங்க. இன்னிக்கு மட்டும் இல்லைங்க. எட்டு வருசமா" என்றாள். எட்டு வருடத்தில் இதைப் பற்றி அவள் வெளியாரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

மாவுக்கட்டு இன்னும் ஈரமாக இருக்கும்போதே, ஆஸ்பத்திரி நடையில் எல்லோரும் பார்க்க, அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். ஒரு முறை இல்லை. என் மூக்கிலிருந்து ரத்தம் வரும்வரை. "பெத்த வயித்துல நெருப்பு வெச்சிட்டியேடி" என்றாள். அன்று மாலை காவல் நிலையத்தில் வலது கையால் புகார் எழுதி, தம்பி மனைவியும் நானும் கையெழுத்துப் போட்டோம். தம்பியைக் கைது செய்தார்கள்.

சபையில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொந்தத் தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் என்று என் காதுபடவே பேசினார்கள். ஒரு வாரம் கழித்துப் போதகர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். "நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்மா" என்றார். ஜெபிக்கட்டுமா என்று கேட்பார் என்று நினைத்தேன். "இப்ப என்னா வேணும்னு சொல்லுங்க" என்றார்.

"அவங்க அண்ணன் வூட்டுக்குச் சாமான் ஏத்திட்டுப் போவ ஒரு வண்டி வேணுங்க ஐயா."

சபையின் வேனை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். பீரோவை அவரும் மில்காரம்மாவின் வீட்டுக்காரரும் தூக்கினார்கள். குழந்தையும் தாயும் கம்பைநல்லூர் போய்ச் சேர்ந்தார்கள்.

தம்பி ஜாமீனில் வந்த மூன்றாம் நாள் காலை. நான் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருவில் என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். கையில் கொடுவாள். முதலில் என் ஸ்கூட்டியை வெட்டினான். சீட் பிளந்து பஞ்சு வெளியே வந்தது. கண்ணாடிகள் தெறித்தன. பிறகு கதவை வெட்ட ஆரம்பித்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் மரச் சில்லுகள் உள்ளே வந்து விழுந்தன. நான் போலீசுக்குப் போன் போட்டுவிட்டு, அலமாரியைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க இழுத்தேன். முறிந்த கையால் முடியவில்லை.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். புகார் கொடுத்த நாளிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. "நவுரு" என்று மட்டும் சொன்னாள். நான் தடுப்பதற்குள் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்து வாசலில் நின்றாள்.

"என்ன வெட்டுடா. அவள எதுக்கு வெட்டற? உங்கப்பன் அடிக்கறப்ப பேசாம இருந்தவ நானு. என்ன வெட்டு."

"போ அம்மா உள்ள!"

"போவ மாட்டேன்."

அவன் வெட்டவில்லை. ஆனால் கொடுவாளின் முதுகால் ஓங்கி அவள் தோளில் அடித்தான். காறை எலும்பு உடைந்து அம்மா படியில் சரிந்தாள். அவளைத் தாண்டி உள்ளே வரப் பார்த்தவனின் காலை அவள் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டாள். அவன் உதைத்தான். உதடு கிழிந்தது. அவள் விடவில்லை. வாயெல்லாம் ரத்தமாக, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று கூப்பிட்டாள். என் வாழ்நாள் முழுக்க அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அதில் கெஞ்சல் இல்லாமல் கேட்டேன். தெருக்காரர்கள் கல்லும் கட்டையுமாக ஓடிவந்து அவனை மடக்கினார்கள். மடக்கியவர்கள் அவனையும் அடித்தார்கள். மண்டை உடைந்து ரத்தம் வழிய அவன் மண்ணில் உருண்டபோது, "போதும், வுட்டுருங்க" என்று நான்தான் கத்திக்கொண்டு ஓடினேன். இதை நான் சொல்லியாக வேண்டும். அவன் மேல் விழுந்த ஒவ்வோர் அடியும் எனக்கும் வலித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் அம்மாவே பதில் சொன்னாள். யாரும் சொல்லித்தரவில்லை. "என் மவன் அடிச்சான்" என்றாள். கைநாட்டு வைக்காமல், வயதான பிறகு சபையில் கற்றுக்கொண்ட எழுத்தில், ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வழக்குக்கும் சேர்த்துத் தம்பிக்குத் தண்டனை ஆனது. இப்போது சேலம் சிறையில் இருக்கிறான். ஒரு முறைதான் போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மெலிந்து நின்றான். "கேஸ வாபஸ் வாங்கியிருக்கலாம் இல்லக்கா?" என்றான்.

"வாங்க மாட்டேன். உனக்காக ஜெபம் பண்றேன். அதயும் வுட மாட்டேன்" என்றேன்.

அவன் நெற்றியை வலையில் மோதினான். மறுபடி மறுபடி மோதினான். காவலர் வந்து இழுத்துக்கொண்டு போகும்போது வலையில் ரத்தம் இருந்தது. பேருந்தில் தொப்பூர் வரும்வரை அழுதேன். மன்னித்துவிட்டாயா என்று சபையில் கேட்கிறார்கள். சில நாள் மன்னித்திருக்கிறேன். சில நாள் காலையில் கையை மடக்கும்போது எலும்பு வலிக்கும். அன்று மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.

அவன் மனைவி கம்பைநல்லூரில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். எனக்கு லீவு கிடைக்கும்போது நானும் அம்மாவும் அங்கே போவோம். போன மாதம் போயிருந்தபோது பள்ளியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். குழந்தை, கூடப் படிக்கிற ஒரு பெண்ணை ஜாமெட்ரி பாக்ஸால் முகத்தில் அடித்திருக்கிறாள். நான்கு தையல். தம்பி மனைவி அவளை அடிக்கக் கையை ஓங்கிவிட்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை இறக்கி, உள்ளே போய் அழுதாள்.

நான் குழந்தையோடு படியில் உட்கார்ந்தேன்.

"அத்த, நானும் அப்பா மாதிரி ஆயிருவனா?"

இல்லை என்று உடனே சொல்ல வாய் வந்தது. அவளுக்கு இனி எந்தப் பொய்யும் சொல்வதில்லை என்று எனக்குள் ஒரு முடிவு இருக்கிறது. "தெரியல கண்ணு. ஆவக்கூடாதுன்னு தினமும் கேக்கணும். கேட்டுட்டு, நாமளும் செய்யணும்" என்றேன்.

"இப்ப என்னா செய்யணும்?"

"அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போவணும்."

வர மாட்டேன் என்று அரை மணி நேரம் அடம்பிடித்தாள். என் தொடையில் கிள்ளினாள். பிறகு செருப்பை மாட்டினாள். அவளும் அவள் அம்மாவும் நானும் மூன்று தெரு நடந்து போனோம். கதவைத் திறந்த அந்தப் பெண்ணின் அப்பா கத்தினார். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டோம். அவருக்குப் பின்னாலிருந்து, கன்னத்தில் பிளாஸ்திரியோடு அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

குழந்தை என் கையை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் போனாள். "நான்தான் அடிச்சேன்" என்றாள்.